எத்தனை குதிரைத்திறன் என்று கேட்பவர்க்கு

ஓட்டப் போட்டிக்குரிய பொறிகளைக் கட்டும் கூடமொன்றிற்குள் நுழைவோர் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றனர். "இப் பொறி எத்தனை குதிரைத்திறன் கொடுக்கும்?" என்பதே அது. விடையாக ஓர் எண் சொல்லப்படும். கேட்டவர் புருவத்தை உயர்த்துவார். அடுத்த பொறியிடம் நகர்வார். அங்கும் அதே கேள்வி, அதே புருவ உயர்வு. மாட்டுத் தாவணிக்குப் போய்ப் பல்லைப் பிடித்துப் பாராமல், கொம்பிற்குப் பூசிய வண்ணத்தைப் பார்த்து விலை பேசுவார்க்கும் இவர்க்கும் வேற்றுமை யாது?

பொறி கட்டுவோன் தன் உள்ளத்துள் வைத்திருக்கும் கேள்விகள் வேறு. இஃது எத்தனை மணி நேரம் உடையாமல் ஓடும்? இவ்வாற்றலைத் தருவதற்கு எவ்வளவு எரிபொருள் குடிக்கும்? இவ்விரண்டிற்கும் விடை காண்பதற்காகவே அவன் இரவும் பகலும் அக் கூடத்துள் அடைந்து கிடக்கின்றான். குதிரைத்திறன் என்னும் எண்ணோ, எரிபொருளை ஊற்றிக்கொண்டே போனால் யார்க்கும் எளிதில் கிடைத்துவிடுவது. இதனை 1977 முதல் 1988 வரை, பார்முலா ஒன்று எனப்படும் உலக முதன்மை ஓட்டப் போட்டிகளில் நிகழ்ந்த பன்னிரண்டாண்டு வரலாறு மெய்ப்பித்துக் காட்டியது. காட்டிய பிறகும் கண்டுகொள்ளாமல் போட்டியை ஆளும் குழுவினர் செய்த பிழை ஒன்று உண்டு. அப் பிழையை எடுத்துரைப்பதே இக் கட்டுரையின் நோக்கம்.

முதலில் பொறியின் இயல்பை அறிதல் வேண்டும். கொல்லன் உலையை அறியாதார் நம்மில் இலர். கரி எவ்வளவு குவிந்திருந்தாலும் துருத்தி ஊதாதவரை இரும்பு சிவப்பதில்லை. தீக்குக் கரி மட்டுமன்று, காற்றும் உணவே. கன்னெய்ப் பொறியும் ஓர் உலைதான். உருளைக்குள் பிசுட்டன் எனும் உந்துதண்டு கீழிறங்கும்போது காற்று உள்ளே புகுகிறது. சுற்றுவெளிக் காற்று தன் இயல்பான அழுத்தத்தால் எவ்வளவு புகுமோ, ஏறத்தாழ அவ்வளவே புகும். அதற்கு மேல் எரிபொருளை ஊற்றினாலும் எரிவதற்குக் காற்றிராது, கரும்புகையே மிஞ்சும். ஆகலின் ஆற்றலைப் பெருக்க விரும்புவோன் காற்றைப் பெருக்க வேண்டும். அதற்கொரு துருத்தி தேவை. அத் துருத்தியை மிதிப்பவன் யார்?

இங்கேதான் மாந்த அறிவின் அழகு புலப்படுகிறது. எரிந்து முடிந்த வளி, கொதிக்கக் கொதிக்கப் புகைக்குழாய் வழியே வெளியே ஓடுகிறது. எரிபொருளின் வெப்பத்தில் மூன்றிலொரு பங்களவே சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகிறது. மற்றொரு மூன்றிலொரு பங்களவு இப் புகையோடு வீணே போகிறது. எஞ்சியதைக் குளிர்நீர் கொண்டுபோகிறது. வீணே போகும் அப் புகையின் வழியில் ஒரு சிறு சுழலியை வைத்தனர். அச் சுழலியின் தண்டை நீட்டி, மறுமுனையில் காற்றை அமுக்கும் சிறு சக்கரத்தைப் பொருத்தினர். புகை சுழலியைச் சுழற்ற, அது மறுமுனைச் சக்கரத்தைச் சுழற்ற, அமுக்கப்பட்ட காற்று உருளைக்குள் திணிக்கப்படுகிறது. உலையின் புகையே உலையின் துருத்தியை மிதிக்கிறது என்க. களத்திற் சிந்திய நெல்லைக் கூட்டி அள்ளும் உழவனின் சிக்கனம் இதில் உண்டு.

இக் கருவியைப் பட்டறையிலும் தெருவிலும் ‘டர்போ’ என்கின்றனர். அது பம்பரத்தையும் சூறைக்காற்றையும் குறிக்கும் இலத்தீனச் சொல். பம்பரம் சுழலும் என்பதற்கு மேல் அச் சொல்லால் நமக்கு விளங்குவது ஒன்றுமில்லை. மூச்சூட்டி என்றால், அது செய்யும் தொழில் பெயரிலேயே விளங்கிவிடும். இனி இக் கட்டுரையில் அப் பெயரே வழங்கும்.

மூச்சூட்டிக்கு முதன்முதல் 1905-இல் காப்புரிமை பெற்றவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்பிரெடு பியூகி என்னும் பொறிஞர். இருபதாண்டுகள் கழிந்த பிறகே கப்பற் பொறிகளில் அது செவ்வனே ஓடியது. இடையில் 1918-இல் அமெரிக்கரான சான்போர்டு மாசு என்பவர், ஏறத்தாழ 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்சு மலைமுடிக்கு வானூர்திப் பொறியொன்றை ஏற்றிச்சென்றார். மெலிந்த காற்றில் அப் பொறி இழந்த ஆற்றலை மூச்சூட்டி மீட்டுக் கொடுத்தது. இன்று நம் நெடுஞ்சாலையில் ஓடும் சுமையுந்துகளும் மூச்சூட்டியோடுதான் ஓடுகின்றன. ஆதலின் இது போட்டிக்காரர் கண்டுபிடித்த மாயம் அன்று. போட்டிக்காரர் செய்ததெல்லாம் அதனை அதன் எல்லைவரை விரட்டியதே.

பார்முலா ஒன்று போட்டிகளுக்கு 1966-இல் ஓர் ஒழுங்குமுறை வகுக்கப்பட்டது. மூச்சூட்டாத பொறியாயின் 3 இலிட்டர் கொள்ளளவு. காற்றை அமுக்கி ஊட்டும் பொறியாயின் அதிற் பாதி, 1½ இலிட்டர். இரண்டாம் வாயில் ஏட்டில் திறந்தே கிடந்தது. பதினோராண்டுகள் ஒருவரும் அதனுள் நுழையவில்லை. அமெரிக்காவின் இந்தியானாபோலிசு ஓட்டத்தில் மூச்சூட்டிய பொறி 1968-இலேயே வென்றிருந்தும், ஐரோப்பியக் கட்டுநர் "பாதிக் கொள்ளளவில் எங்ஙனம் வெல்வது?" என்று இருந்துவிட்டனர். கீத்து தக்குவர்த்து என்பார் வடிவமைத்த காசுவர்த்துப் பொறி 1967-இல் தன் முதற் போட்டியிலேயே வென்று, காசு கொடுத்தார்க்கெல்லாம் கிடைக்கும் நிலையில் இருந்ததும் இதற்கொரு கரணியம். விலைக்கு நல்ல பொறி கிடைக்கும்போது வியர்வை சிந்துவார் யார்?

சிந்தியவர் பிரஞ்சுக்காரர். பாரிசுக்குத் தெற்கேயுள்ள விரி-சட்டியோன் என்னும் ஊரில், இரெனோ நிறுவனத்தின் கூடத்தில் ஆறுருளைப் பொறியொன்று உருவாயிற்று. 1977 சூலையில் இங்கிலாந்தின் சில்வர்சுட்டோன் களத்தில் அது முதன்முதல் ஓடியது, பாதியில் நின்றது. அவ்வாண்டில் தொடங்கிய போட்டி எதனையும் அது முடிக்கவில்லை. வெண்புகை கக்கிக்கொண்டு ஓரங்கட்டும் அம் மஞ்சள் நிற உந்தை ஆங்கிலேயர் ‘மஞ்சள் தேநீர்க் கெண்டி’ என்று எள்ளி நகைத்தனர். நகைத்தவர் வாயடைய ஈராண்டே ஆயிற்று. 1979 சூலை முதல் நாள், பிரான்சின் திசோன் களத்தில் இழான்-பியேர் சபுயி ஓட்டிய அதே நிறுவனத்தின் உந்து முதலாவதாக வந்தது. கெண்டி என்று சொன்னவர்கள் அடுத்த சில ஆண்டுகளில் தாமும் ஆளுக்கொரு கெண்டி தேடி அலைந்தனர்.

இத்தகைய கூடங்களுள் ஒன்றில் காணத்தக்கவை எவை? வாயிலருகே கண்ணாடிப் பேழையில் வைத்து மெருகேற்றப்பட்ட பொறியன்று. அது வருவோர்க்குக் காட்டுதற்கு வைத்தது. உள்ளே செல்லின், அளவறை என ஒன்றுண்டு. அங்கு வெப்பநிலை 20 பாகையில் நிறுத்தப்பட்டிருக்கும். ஏனெனின் வெப்பம் ஏறினால் இரும்பு நீளும், அளவு பொய்க்கும். வளைதண்டின் கழுத்துகளையும் உருளையின் உட்சுவரையும் மயிரிழையின் சிறு கூறளவு நுட்பத்தில் அங்கு அளக்கின்றனர். அளந்ததை ஏட்டிற் குறிக்கின்றனர். ஒவ்வொரு பொறிக்கும் பிறப்பேடு போல ஓர் ஏடு. எந்த உறுப்பு எத்தனை மணி நேரம் ஓடியது, எப்போது மாற்றப்பட்டது, பிரித்தபோது எங்ஙனம் இருந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். கண்ணுக்குப் புலப்படாத வெடிப்பைக் காண, எஃகுறுப்பைக் காந்தமூட்டி, அதன்மேல் இரும்புத் துகள் கலந்த நீர்மத்தைப் பூசுகின்றனர். வெடிப்புள்ள இடத்தில் துகள் கோடாய்த் திரண்டு நிற்கும்.

அதனினும் கற்கத்தக்கது உடைந்தவற்றை அடுக்கி வைத்த தட்டு. உச்சியில் மெழுகுபோல் உருகி ஓட்டை விழுந்த உந்துதண்டு. இதழ் முறிந்த சுழலி. விலாவைப் பிளந்துகொண்டு இணைதண்டு வெளியே வந்த உருளைக்கட்டு. கல்லூரியில் இருக்கும் எலும்புக்கூட்டைப் போன்றவை இவை. நல்ல பொறிஞன் இவற்றைத் தூக்கி எறிவதில்லை. எங்கே முறிந்தது என்பதைவிட எங்கிருந்து முறியத் தொடங்கியது என்பதையே அவன் தேடுவான்.

மூச்சூட்டிய பொறியில் உந்துதண்டு உருகுவது ஏன்? காற்றை அமுக்கினால் அது சூடேறும். மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் குழாயைத் தொட்டுப் பார்த்தவர்க்கு இது தெரியும். சூடேறிய காற்று எரிபொருளோடு கலந்து உருளைக்குள் நெருக்கப்படும்போது, தீப்பொறி தொடங்கிய எரிவு பரவி வருமுன்பே, மூலையிலுள்ள கலவை தானே வெடித்துவிடும். சம்மட்டியால் அடித்ததுபோல் ஒலி எழும். சில நொடிகள் அது தொடர்ந்தால் உந்துதண்டின் உச்சி போயிற்று. இதனைத் தடுக்க, அமுக்கிய காற்றைப் பொறிக்குள் விடுமுன் ஒரு குளிர்த்தியின் வழியே செலுத்துகின்றனர். அழுத்தம் அளவு கடந்தால், சுழலிக்குப் போகும் புகையில் ஒரு பகுதியைத் திருப்பிவிடத் தனியே ஓர் ஓரதர் உண்டு. ஏரி நிறைந்தால் மிகைநீரை வெளியேற்றும் கலிங்கு எதுவோ, அதுவே இஃது. கலிங்கில்லாத ஏரிக்குக் கரை நில்லாது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். கலிங்கைத் திருகி அடைத்துவிட்டுக் குதிரைத்திறன் தேடும் இன்றைய இளைஞர் சிலர் அதனை அறியார்.

கடைசியாக ஆய்வறை. பொறியைத் திறனளவியோடு பூட்டித் தடித்த சுவருக்குள் ஓடவிடுகின்றனர். வெளியே கண்ணாடிக்குப் பின்னால் நிற்போர்க்குப் புகைக்குழாய் முதலிற் கருமையாகவும், பிறகு செம்மையாகவும், முழு ஆற்றலில் பொன்னிறத்தை நெருங்கியும் தெரியும். ஏறத்தாழ 1,000 பாகை வெப்பத்தில், மணித்துளிக்கு நூறாயிரத்திற்கும் மேற்பட்ட சுற்றுகளோடு, உள்ளங்கையில் அடங்கும் அச் சுழலி சுழல்கிறது. நிக்கல் கலந்த தனி மாழையால் ஆயதன்றேல் அது நொடியில் சிதறிப்போகும். இத்தனையும் கண்ட பிறகும் ஒருவர் "எத்தனை குதிரைத்திறன்?" என்று மட்டுமே கேட்பாராயின், அவர் வந்த வழியே திரும்பலாம்.

இங்கிலாந்தின் எசெக்சுப் பகுதியில் ஆர்லோ என்னும் ஊர் இருக்கிறது. அங்கே பிரையன் ஆர்ட்டு என்பவர் 1969 முதல் ஒரு சிறு பொறிக்கூடம் நடத்திவந்தார். தாமே போட்டியுந்து ஓட்டியவர், காசுவர்த்தில் பணியாற்றியவர். இரெனோவுக்குப் பின்னே நாட்டளவு பெரிய நிறுவனம், பி. எம். டபிள்யூ.வுக்கும் ஓண்டாவுக்கும் அவ்வாறே. ஆர்ட்டின் பின்னே இருந்தது தம் கூடமும் தோல்மன் என்னும் சிறிய போட்டிக் குழுவுமே. 1981-இல் அவர்தம் நான்குருளை மூச்சூட்டிய பொறியோடு களமிறங்கிய தோல்மன் உந்துகள், போட்டிக்குப் போட்டி தொடக்க வரிசையில் இடம்பெறும் தகுதியைக்கூடப் பெறாமல் திரும்பின. செப்டம்பரில் இத்தாலியின் மோன்சாவில்தான் ஒன்று முதன்முதலாகத் தகுதி பெற்றது.

ஆர்ட்டை வாட்டிய சிக்கல் ஒன்று. உருளைக்கட்டுக்கும் அதன் மேலுள்ள தலைப்பகுதிக்கும் இடையே ‘கேசுக்கட்டு’ எனும் ஓர் இடையடை இருக்கும். மூச்சூட்டியின் அழுத்தம் ஏற ஏற, அவ்விடையடை பிய்த்துக்கொண்டு போயிற்று. பெரிய நிறுவனமாயின் பத்து வகை இடையடையைச் செய்து பார்த்திருக்கும். ஆர்ட்டு என்ன செய்தார்? இடையே இருப்பதுதானே கிழிகிறது, அவ்விடையே இல்லாமல் செய்துவிடுவோம் என்று, தலையையும் உருளைக்கட்டையும் ஒரே வார்ப்பாக வார்த்துவிட்டார். சொல்வதற்கு எளிது. வால்வு எனத் தொழிலாளர் வழங்கும் ஓரதர்களின் இருக்கையைத் தலையைக் கழற்றி வைத்துக்கொண்டு கடைவதுபோல் கடைய இயலாது; கிணற்றின் மேலிருந்து அடிச்சுவரைச் செதுக்குவதுபோல் உருளையின் வழியே கருவியை நுழைத்துக் கடைய வேண்டும். கடைந்தார். இடையடைத் தொல்லை தீர்ந்தது. 1984 சூன் 3-ஆம் நாள் மொனாக்கோவில் கொட்டும் மழையில், பதின்மூன்றாம் இடத்திலிருந்து தொடங்கிய அயர்ட்டன் சென்னா என்னும் புதிய இளைஞர் ஒவ்வொருவராய்க் கடந்து இரண்டாமிடத்திற்கு வந்தார். அவர் உந்தினுள் இருந்தது ஆர்லோவில் வார்த்த இப் பொறியே. 31 சுற்றோடு போட்டி நிறுத்தப்பட்டபோது முதல்வருக்கும் அவருக்கும் இடைவெளி 7 நொடியளவே. அடுத்த ஆண்டு செருமானியப் போட்டியில், இத்தாலியரான தேயோ பாபி ஓட்டிய தோல்மன் உந்து தொடக்க வரிசையின் முதலிடத்தையே பெற்றது. இப் பொறியின் குதிரைத்திறன் மற்றவற்றைவிட மிகுதியோ எனின், இல்லை.

மியூனிக்கு நகரத்துக் கூடம் வேறு வகை. பி. எம். டபிள்யூ. நிறுவனத்தில் பவுல் உரோசே என்பார் தலைமையில் உருவான நான்குருளைப் பொறிக்கு, 1960-களின் தொடக்கத்தில் எளிய சாலையுந்துக்காக வார்க்கப்பட்ட அதே இரும்புக் கட்டே அடிப்படை. புதிதாய் வார்த்த கட்டைவிடப் பலகாலம் சாலையில் ஓடிய பழங்கட்டே நன்கு நிலைத்தது என்பர். சூடேறிச் சூடாறி அவ்விரும்பின் உள்முறுக்கெல்லாம் அடங்கிவிடுவதே கரணியமாம். 1983-இல் நெல்சன் பிக்கே அப் பொறியைக் கொண்டு உலக வாகையர் பட்டத்தை வென்றார். இரெனோவின் அலன் புரோசுட்டை வென்றது இரண்டே புள்ளியால். மூச்சூட்டிய பொறிக்கு வழி திறந்த இரெனோ தன் பொறியால் ஓட்டுநர் பட்டம் ஒன்றுகூடப் பெறாமல், 1985-இன் முடிவில் தன் குழுவைக் கலைத்துக்கொண்டது. கிணறு வெட்டியவன் வேறு, நீர் மொண்டவன் வேறு.

இனி வருவது மூச்சூட்டி வரலாற்றின் இழிந்த பக்கம். 1986-இல் தொடக்க வரிசை இடத்தை முடிவு செய்யும் ஓட்டத்திற்கென்றே தனிப் பொறிகளைக் கட்டினர். கலிங்கை அடைத்து, காற்றழுத்தத்தை இயல்பைப்போல் 5 மடங்கிற்கும் மேலேற்றி, இரண்டொரு சுற்று ஓட்டினர். அதற்குப் பின் அப் பொறி குப்பை. இவற்றை ‘எறிகுண்டுகள்’ என்று கட்டியவர்களே அழைத்தனர். மியூனிக்குப் பொறி 1,400 குதிரைத்திறன் தந்தது என்று இன்றுவரை வியந்து பேசுகின்றனர். அவ்வெண் எங்கிருந்து வந்தது? அக் கூடத்துத் திறனளவி 1,280-க்கு மேல் அளக்கும் வலிவுடையதன்று. முள் எல்லையில் முட்டி நின்றது. மிச்சத்தைக் கணிப்பால் நிரப்பினர். உலகமே வியக்கும் எண், ஒருவரும் அளவாத எண்! குதிரைத்திறன் கேட்பார்க்கு இதனினும் பொருத்தமான விடை கிடைக்குமோ?

அளவுகடந்த ஆற்றலுக்கு அவர்கள் கண்ட வழியும் அறிவுடையதன்று. உந்துதண்டு உருகாதிருக்க எரியத் தேவையானதைவிட மிகுதியாக எரிபொருளை உள்ளே ஊற்றினர். எரியாத எரிபொருள் ஆவியாகும்போது உருளையைக் குளிர்வித்தது. அதாவது கன்னெய்யையே தண்ணீராகச் செலவிட்டனர். வீணாவதைப் பொறுக்கி எடுக்கப் பிறந்த கருவி, வீணாக்குவதற்கே பயன்பட்டது.

இந்தப் போக்கைத் திருத்தியது ஓர் எளிய கட்டுப்பாடு. 1984 முதல் ஒரு போட்டிக்கு 220 இலிட்டர் எரிபொருளே. இடையில் நிரப்பவும் கூடாது. 1986-இல் அது 195 இலிட்டராயிற்று. அன்றுமுதல் பொறிக்கூடங்களின் பேச்சே மாறியது. ஆன்சு மெசுகர் வடிவமைத்துப் போர்சே கட்டிய பொறி, போசு நிறுவனத்தின் மின்னணுக் கட்டுப்பாட்டோடு, ஒவ்வொரு சுழற்சிக்கும் எரிபொருளை அளந்து ஊட்டியது. 1984-இல் 16 போட்டிகளுள் 12-ஐ வென்றது. அளக்கத் தெரியாதவர் நிலை என்னாயிற்று என்பதற்கு 1985 மே திங்கள் இத்தாலியின் இமோலாவில் நடந்ததே சான்று. முன்னணியில் ஓடிய சென்னாவின் உந்து, முடிவிற்கு மூன்றே சுற்றிருக்கையில் எரிபொருள் தீர்ந்து நின்றது. அவர் பின்னே வந்து முதலிடம் பெற்ற யோகன்சன், பெற்ற சிறிது நேரத்திலேயே எரிபொருள் தீர்ந்து நின்றார். அடுத்து வந்து வென்ற புரோசுட்டின் உந்தோ எடை குறைவென்று தள்ளப்பட, வெற்றி எலியோ தெ ஆஞ்சலிசுக்குப் போயிற்று. இதனைக் கேலிக்கூத்து என்றனர் பார்வையாளர் பலர். கேலிக்கூத்தன்று, தேர்வு. தேர்வில் தவறியவர் எண்ணிக்கை மிகுதி, அவ்வளவே.

1988-இல் கட்டுப்பாடு இன்னும் இறுகியது. மூச்சூட்டிய பொறிக்கு 150 இலிட்டரே. அழுத்தம் இயல்பைப்போல் 2½ மடங்கிற்கு மேற்படலாகாது. மூச்சூட்டாத 3½ இலிட்டர்ப் பொறிகளுக்கோ எரிபொருளில் வரம்பே இல்லை. யாரைத் தோற்கடிக்க வகுத்த நெறி இது என்பது வெளிப்படை. சப்பானின் ஓண்டா பொறிஞர்கள் சலிக்கவில்லை. 1½ இலிட்டர் ஆறுருளைப் பொறியொன்றைப் புதிதாய் அமைத்தனர். எளிதில் தானே வெடிக்காத தொலுவீன் என்னும் நீர்மத்தை 84 விழுக்காடு கலந்து எரிபொருளாக்கினர். அது எளிதில் ஆவியாகாது என்பதால் முன்னரே சூடாக்கி ஊட்டினர். காற்றின் சூடு, எரிபொருளின் சூடு, இரண்டின் கலவை விகிதம் ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றி ஓட்டி, ஒரு சொட்டிற்கு மிகுதியாய் எப்போது உழைப்புக் கிடைக்கிறது என்று அளந்தனர். அப் பொறி தந்தது 685 குதிரைத்திறன். ஈராண்டிற்கு முந்தைய எறிகுண்டுகள் தந்ததாகச் சொல்லப்பட்டதில் பாதியளவு. அதைக்கொண்டு சென்னாவும் புரோசுட்டும் 16 போட்டிகளுள் 15-ஐ வென்றனர். எஞ்சிய ஒன்றை வென்றதும் பெராரியின் மூச்சூட்டிய பொறியே. வரம்பின்றிக் குடித்தவை ஒன்றுகூட வெல்லவில்லை.

போற்றத்தக்க மூச்சூட்டிய பொறி எது என்று கேட்டால், அந்த 1,400 அன்று, இந்த 685 என்றே கூறவேண்டும். ஆனால் ஆளும் குழு செய்தது யாது? அறிவு கனிந்த அந்த ஆண்டோடு மூச்சூட்டியை அறவே தடை செய்தது. 1989 முதல் மூச்சூட்டாத பொறிகள் மட்டுமே, எரிபொருளுக்கோ அளவில்லை. கனி பழுத்த நாளில் மரத்தை வெட்டிய செயல் இது.

மறுப்போர் கூற்றையும் கேட்டல் முறையாகும். விரைவு ஏதத்தை விளைத்தது என்றனர். உண்மைதான், அச்சத்திற்கு இடமிருந்தது. ஆனால் அதனை அடக்கும் கயிறுகளான அழுத்த வரம்பும் எரிபொருள் வரம்பும் அவர்கள் கையிலேயே இருந்தன. 1988-இல் அவை பயன்பட்டும் காட்டின. செலவு மிகுந்தது, சிறியோர் நசுங்கினர் என்றனர். இதனை எளிதில் தள்ளிவிட முடியாது. காசுவர்த்தை விலைக்கு வாங்கி ஓடிய சிறு குழுக்கள் 1983-க்குப் பின் வெற்றியைக் கண்ணாலும் காணவில்லை. அவர்கள் பட்ட துன்பம் மெய்யே. ஆயினும் தடைக்குப் பிறகு செலவு குறைந்ததா? பத்துருளை, பன்னீருருளைப் பொறிகளும், அரிய மாழைகளும், மணித்துளிக்கு 20,000 சுற்றை எட்டும் ஓட்டமும் வந்தன. பெரிய நிறுவனங்களே மேலும் பெருகின. சிறியோரை நசுக்கியது பணம். தண்டனை பெற்றது மூச்சூட்டி.

இதில் வியக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. மூச்சூட்டியை எல்லாரினும் கடுமையாக எதிர்த்தவர் காசுவர்த்தின் தக்குவர்த்து. அதனோடு சேர்ந்த பொறி உண்மையில் இரண்டு பொறி, கொள்ளளவை மட்டும் அளந்து இரண்டையும் ஒப்பிடுதல் முறையன்று என்பது அவர் வழக்கு. வழக்கோடு அவர் நிற்கவில்லை, மாற்றும் கூறினார். கொள்ளளவையும் மூச்சூட்டியையும் விட்டுவிடுங்கள், பொறிக்குள் நொடிதோறும் பாயும் எரிபொருளுக்கு வரம்பு வையுங்கள், எவன் அதிலிருந்து மிகுதியாய் உழைப்பு வாங்குகிறானோ அவன் வெல்லட்டும் என்று 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே வற்புறுத்தினார். தம் பொறிக்குப் பகையான கருவியையும் நடுநிலையோடு எடைபோட ஒரு துலைக்கோலை அவரே கொடுத்தார். ஆளும் குழு அதனை ஏற்கவில்லை.

ஏற்க முப்பதாண்டுகளுக்கு மேலாயிற்று. 2014-இல் மூச்சூட்டிய 1.6 இலிட்டர் ஆறுருளைப் பொறிகள் பார்முலா ஒன்றிற்குத் திரும்பின. கூடவே, போட்டிக்கு 100 கிலோ எரிபொருளே என்றும், மணிக்கு 100 கிலோ என்னும் வீதத்திற்கு மேல் பாயலாகாது என்றும் வரம்பு வந்தது. 2017-இல் இங்கிலாந்தின் பிரிக்சுவர்த்திலுள்ள மெர்சிடிசு பொறிக்கூடம், தன் போட்டிப் பொறி ஆய்வு மேடையில் எரிபொருள் வெப்பத்தின் பாதிக்கு மேல் உழைப்பாக்கிவிட்டது என அறிவித்தது. மூன்றிலொரு பங்கு பாதியாயிற்று. தடைக்கும் மீட்சிக்கும் இடையே போன அந்த 25 ஆண்டுகளுக்கு விடை சொல்வார் இலர்.

தக்குவர்த்து 2005 திசம்பரிலேயே மறைந்துவிட்டார். பிரையன் ஆர்ட்டு 2014 சனவரியில் மறைந்தார். அதே ஆண்டு மார்ச்சு 16-ஆம் நாள் மெல்போர்னில் புதிய பொறிகளின் முதற் போட்டி நடந்தது. இரண்டாவதாக வந்த உந்து, எரிபொருள் மணிக்கு 100 கிலோ என்னும் வீதத்தைக் கடந்து பாய்ந்ததென்று தள்ளப்பட்டது.